பாட்டுக்கு ஒரு முகவரி வேண்டும்: பருவநிலையும் இசையும், கேள்வி பதில்

பருவநிலை மாற்றத்துக்கு எதிராக மக்களைக் கிளப்ப இசை எந்த அளவுக்கு உதவும் என்று கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். "உங்களுக்குப் பிடித்த ராகம் எது" வகைக் கேள்விகளை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கல்லூரி மாணவர், திருச்சி: அக்கா, பாட்டுப் பாடி உண்மையிலேயே ஏதாவது மாறியிருக்கிறதா? "விழிப்புணர்வு வந்தது" என்று சொல்லித் தப்பிக்காமல் ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

நல்ல நிபந்தனை, தம்பி. அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றைச் சொல்கிறேன். பருவநிலை அல்ல, ஆற்று மாசுதான் அங்கே பிரச்சினை. ஆனால் பாட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை எனக்குத் தெரிந்து இல்லை.

1960களில் அந்த ஆறு சாக்கடையாகக் கிடந்தது. நகரங்களின் கழிவுநீர் ஒரு பக்கம் வந்து விழுந்தது. இன்னொரு பக்கம் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் இரண்டு ஆலைகள் 1947 முதல் 1977 வரை பி.சி.பி. என்ற நச்சுப்பொருளை ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தன. பீட் சீகர் என்ற நாட்டுப்புறப் பாடகர் அந்தக் கரையில், பீக்கன் என்ற ஊரில் குடியிருந்தார். ஆற்றைப் பற்றிப் பாட்டு எழுதியதோடு அவர் நிற்கவில்லை. கச்சேரி செய்து பணம் சேர்த்து, அந்த ஆற்றில் ஒரு காலத்தில் ஓடிய பாய்மரக் கப்பல்களின் அச்சில் ஒரு கப்பலையே நண்பர்களோடு சேர்ந்து கட்டிவிட்டார். 106 அடி நீளம். பெயர் கிளியர்வாட்டர். 1969இல் தண்ணீரில் இறக்கினார்கள்.

கரையோர ஊர்களில் கப்பலை நிறுத்திப் பாடுவார்கள். கூட்டம் கூடும். பாட்டு முடிந்ததும் ஆறு ஏன் நாறுகிறது, கழிவை விடுவது யார், யாருக்கு மனு எழுத வேண்டும் என்று பேச்சு அந்தப் பக்கம் திரும்பும். பள்ளிப் பிள்ளைகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பெரிய பாயைத் தூக்குவதே அந்தப் பிள்ளைகள்தான். வரிசையாக நின்று, பாட்டின் அடிக்கு அடி கயிற்றை இழுக்க வேண்டும். நம் கடற்கரையில் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைக் கேட்டவர்களுக்கு இது உடனே புரியும். பாட்டு நின்றால் கை தளரும். அப்புறம் வலை வீசி, சிக்கிய மீனைத் தொட்டியில் விட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். "செத்த ஆறு" என்று கேள்விப்பட்டு வந்த பிள்ளை, அதில் உயிரோடு துள்ளும் மீனைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும்.

சீகர் அந்தக் கப்பலை வாஷிங்டன் வரைக்கும் ஓட்டிப் போய் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் பாடிக் காட்டினார். 1972இல் தூய நீர்ச் சட்டம், அதிபர் நிக்சனின் மறுப்பையும் மீறி நிறைவேறியது. பி.சி.பி. படிந்த சேற்றை 2009 முதல் 2015 வரை தோண்டி அள்ளினார்கள். இதெல்லாம் ஒரு பாட்டால் நடந்தது என்று சொன்னால் பொய். விஞ்ஞானிகள், வழக்கறிஞர்கள், மீனவர்கள் எல்லாரும் முட்டி மோதினார்கள். ஆனால் நாற்பது ஆண்டு அந்தக் கூட்டம் கலையாமல் இருந்ததில் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. பாட்டால் ஆகக்கூடியது முக்கியமாக அதுதான் என்பது என் கருத்து. மனசை மாற்றுவதைவிட, ஏற்கனவே மனசு வந்தவர்களை விட்டுப் போகாமல் பிடித்து வைக்கும்.

ஐ.டி. ஊழியர், சென்னை: நம் ஊரில் அப்படி ஒன்று உண்டா?

உண்டு, உங்கள் ஊரிலேயே. 2017 பொங்கலுக்கு வெளிவந்த சென்னைப் புறம்போக்குப் பாடல். எழுதியவர் கபேர் வாசுகி, மெட்டமைத்தவர் ஆர்.கே. ஸ்ரீராம்குமார், பாடியவர் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா. எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றியது. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம் அது. வடசென்னையின் வெள்ளம் வடிய வேண்டிய வாய். அதன் கரையில் அனல் மின் நிலையங்கள், துறைமுகம், நிலக்கரிக் கிடங்குகள். குழாய் உடைந்து கழிமுகத்தில் படியும் சாம்பலும், புகைபோக்கி வழியே வானத்துக்குப் போகும் கரியமில வாயுவும் ஒரே நிலக்கரியிலிருந்து வருபவை. அதனால்தான் எண்ணூரைப் பருவநிலைப் பிரச்சினை என்றே எடுத்துக்கொள்கிறேன். எரிப்பது, வெள்ள வடிகாலை அடைப்பது, அந்த வெள்ளத்தில் முதலில் மூழ்குபவர்கள் என மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

அந்தப் பாட்டில் என்னைக் கவர்ந்தது ஒரு முரண். ஆனந்தபைரவியில் தொடங்கிச் சிந்துபைரவி வரை போகும் ராகமாலிகை. ஆனால் மொழி பக்கா சென்னைத் தமிழ். சபாவில் கேட்டுப் பழகிய குரல், தெருவில் திட்டுவதற்குப் பயன்படும் 'புறம்போக்கு' என்ற சொல்லை எடுத்து, அது ஊர்ப் பொதுநிலம் அல்லவா என்று நிமிர்த்தி வைக்கிறது. படம் பிடித்ததும் அந்தக் கழிமுகத்திலேயேதான். எண்ணூர் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் மயிலாப்பூரில் இருந்தவர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. கழிமுகத்தின் பெயர் செய்தியில் அடிபட ஆரம்பித்தது. அதே ஆண்டு அக்டோபரில் கமல்ஹாசன் நேரில் போய்ப் பார்த்தார்.

சரி, சாம்பல் போய்விட்டதா? இல்லை. பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடத்தியதும், கடற்கரை வரைபடத்திலிருந்து கழிமுகம் காணாமல் போனதைக் கேள்வி கேட்டதும் மீனவர்களும் அவர்களோடு நின்றவர்களும்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து அதே கழிமுகத்தில் படிந்தது. ஆனால் அப்போது எண்ணூர் என்றால் என்ன என்று யாருக்கும் புதிதாக விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பாட்டுக்கு இவ்வளவு போதும் என்பேன்.

பெயர் வேண்டாம் என்றவர்: பாட்டுப் பாடினால் கார்பன் குறையுமா? வெட்டி வேலை.

குறையாது. மனு எழுதினாலும், கூட்டம் போட்டாலும் அது மட்டுமே குறைக்காது. நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள், அதற்கு ஒரு மெட்டுப் போட்டுத் தருகிறேன்.

யூடியூபர், மதுரை: வைரல் ஆனால் போதும், தானாகவே நடக்கும் என்கிறார்கள். கொடைக்கானல் பாதரசப் பாட்டு அப்படித்தானே ஜெயித்தது?

பாதிக் கதைதான் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. கொடைக்கானலில் யூனிலீவர் குழுமத்தின் வெப்பமானித் தொழிற்சாலை விட்டுச்சென்ற பாதரச மாசைப் பற்றி 2015 ஜூலைக் கடைசியில் சோபியா அஷ்ரப் பாடிய ராப் பாடல் உலகம் முழுக்கப் பரவியது உண்மை. அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜின் பிரபலமான பாட்டின் மெட்டில் அமைந்தது. அவரே அதைப் பகிர்ந்தார். யூனிலீவரின் தலைமை அதிகாரி பதில் சொல்ல வேண்டி வந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

இப்போது மீதிக் கதை. அந்த வெப்பமானித் தொழிற்சாலை மூடப்பட்டது 2001இல். அன்றிலிருந்து தொழிலாளர்கள் சங்கமாக நின்றார்கள், வழக்கு நடத்தினார்கள், யார் எத்தனை ஆண்டு வேலை செய்தார், யாருக்கு என்ன உடம்பு என்று கணக்கு வைத்திருந்தார்கள். பாட்டு வந்தபோது கோரிக்கை தயாராக இருந்தது. உலகம் திரும்பிப் பார்த்த அந்தச் சில வாரத்தில் "என்ன வேண்டும்?" என்று கேட்டவர்களுக்குக் காட்ட ஒரு தாள் இருந்தது. பாட்டு முதலில் வந்து, தாளைப் பிறகு தேடியிருந்தால் ஒரு கோடி பார்வையும் வீண். மண்ணில் கலந்த பாதரசத்தை எந்த அளவுக்கு அகற்றுவது என்ற சண்டை அந்த உடன்பாட்டுக்குப் பிறகும் தொடர்ந்தது. அதற்காக 2018இல் இன்னொரு பாட்டு வந்தது. முதல் பாட்டு அளவுக்கு அது ஓடவில்லை. வைரலை நம்பி இருந்தால் இதுதான் கதி.

ஆய்வு மாணவி, கோவை: உலகப் புகழ் பெற்றவர்கள் சேர்ந்து மாபெரும் கச்சேரி நடத்தினால்?

நடத்தினார்கள். 2007 ஜூலை 7, லைவ் எர்த். அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் அல் கோர் முன்னின்றார். சிட்னி, டோக்கியோ, லண்டன், ரியோ என்று ஒரே நாளில் பல நகரங்கள். அண்டார்க்டிகாவில் பிரிட்டிஷ் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர்களின் இசைக்குழுகூட வாசித்தது. ரசிகர்கள் ஏழு அம்ச உறுதிமொழி எடுத்தார்கள். அந்த ஏழில் ஒன்றையாவது இன்று நினைவு வைத்திருக்கும் ஒருவரை நான் பார்த்ததில்லை. பூமியைக் காப்பாற்று என்றால் யாரிடம் சொல்கிறோம்? எந்த அலுவலகக் கதவைத் தட்டுகிறோம்?

எதிர்ப்பக்கம் ஒன்று. 1990 மே மாதம் ஆஸ்திரேலியாவின் மிட்நைட் ஆயில் ராக் இசைக்குழு நியூயார்க்கில் எக்ஸான் எண்ணெய் நிறுவனக் கட்டடத்துக்கு முன்னால் லாரியை நிறுத்தி, அதன் மேல் ஏறி வாசித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்த நிறுவனத்தின் கப்பல் அலாஸ்காவில் எண்ணெயைக் கொட்டியிருந்தது. மதிய உணவு நேரம், தெரு அடைத்துவிட்டது. யாரைக் கேட்கிறார்கள் என்று ஒருவரும் சந்தேகப்படவில்லை. (அந்தக் குழுவின் பாடகர் பீட்டர் காரெட் 2007இல் சுற்றுச்சூழல் அமைச்சர் ஆனார். 2009இல் ஒரு யுரேனியச் சுரங்கத்துக்கு அனுமதியும் கொடுத்தார். பழைய ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். பாடகரை நம்புங்கள், அமைச்சரைக் கண்காணியுங்கள்.)

ஒலிப்பொறியாளர், சென்னை: கச்சேரியே கார்பன் கக்குகிறதே. ஜெனரேட்டர், லாரி, விமானம். இதில் பருவநிலைப் பாட்டு வேறா?

நியாயமான குத்தல். பிரிட்டனின் கோல்ட்ப்ளே இசைக்குழு இதற்காகவே 2019இல் சுற்றுப்பயணம் போவதில்லை என்றது. பிறகு 2022இல் உமிழ்வைப் பாதியாகக் குறைப்போம் என்ற உறுதியோடு கிளம்பியது. முந்தைய பயணத்தோடு ஒப்பிட்டால் ஒரு நிகழ்ச்சிக்கு 59 சதவீதம் குறைத்திருக்கிறோம் என்று 2024இல் கணக்குக் காட்டினார்கள். மேடை, சரக்கு, குழுவினரின் பயணம் எல்லாம் அதில் சேரும். ரசிகர்கள் வந்து போனது சேராது. பெரிய ஓட்டையே அங்கேதான் இருக்கிறது.

என் ஓட்டு இன்னொரு பிரிட்டிஷ் இசைக்குழுவான மாசிவ் அட்டாக்குக்கு. மான்செஸ்டரில் உள்ள டிண்டால் பருவநிலை ஆய்வு மைய ஆய்வாளர்களிடம் முதலில் கணக்குப் போடச் சொன்னார்கள். 2024 ஆகஸ்டில் தங்கள் சொந்த ஊரான பிரிஸ்டலில் ஒரு திறந்தவெளிக் கச்சேரி வைத்தார்கள். மேடைக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து. கார் நிறுத்த இடமே கிடையாது. ரயில் நிலையத்திலிருந்து மின்சாரப் பேருந்து. சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்கு டிக்கெட்டில் முன்னுரிமை. ரயிலில் போகச் சொல்லிப் பாட வேண்டிய அவசியமே வரவில்லை, வேறு வழி இல்லாமல் ஏற்பாடே அப்படி இருந்தது.

நீங்கள் சென்னையில் செய்யக்கூடியது: இடத்தைத் தேர்வு செய்யும்போது ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் பாருங்கள். கடைசி வண்டிக்கு அரை மணி முன்னால் மங்களம் பாடிவிடுங்கள். இரவு 11 வரை இழுத்துவிட்டு "ஏன் காரில் வந்தீர்கள்" என்று கேட்பதில் அர்த்தமில்லை.

அரசுப் பள்ளி ஆசிரியை, புதுக்கோட்டை மாவட்டம்: வணக்கம் மேடம். சுற்றுச்சூழல் மன்றப் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டு வேண்டும். இணையத்தில் கிடைப்பதெல்லாம் "மரம் வளர்ப்போம் மழை பெறுவோம்" வகை. பிள்ளைகளே கொட்டாவி விடுகிறார்கள்.

டீச்சர், இந்தக் கேள்விக்காகவே இந்தப் பதில்களை எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை பாட்டு இல்லை. உங்கள் ஊர் ஏரி அல்லது கண்மாய்க்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். வரத்து வாய்க்கால் எங்கே தொடங்குகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது, மதகு திறக்கிறதா, கலுங்கில் கடைசியாக எப்போது தண்ணீர் வழிந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரட்டும். மழை ஒரேயடியாகக் கொட்டுவதும், மாதக்கணக்கில் பொய்ப்பதும் இனிமேல் கூடத்தான் போகிறது. கொட்டும்போது பிடித்து வைக்கக் கண்மாய் வேண்டும். பிள்ளைகளுக்குப் பருவநிலை மாற்றம் என்றால் பனிக்கரடியிலிருந்து தொடங்க வேண்டாம், இங்கிருந்து தொடங்கலாம்.

அவர்கள் கொண்டு வரும் சொற்களிலிருந்தே பாட்டு வரும். இப்படி, ஒருவர் கேட்க மற்றவர்கள் பதில் சொல்வது போல:

ஏரிக்கு வழி எங்கே? – எங்கே, எங்கே?
வாய்க்காலு போனதெங்கே? – எங்கே, எங்கே?
குப்பைக்கு அடியிலே! – அங்கே, அங்கே!
தூருதான் யாரெடுப்பா? – நாங்க, நாங்க!

இது வெறும் மாதிரி. 'ஏரி' வரும் இடத்தில் உங்கள் கண்மாயின் பெயரைப் போடுங்கள். பெயர் வந்தவுடனே பாட்டு மாறிவிடும், பாருங்கள். கும்மி மெட்டு எடுத்துக்கொண்டால் கைதட்டலே தாளம், வாத்தியம் தேடி அலைய வேண்டாம். ஐந்தாறு சுரத்துக்குள் மெட்டு அடங்கட்டும். மேல் சட்ஜமத்தைத் தொட்டால் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். சுருதியைப் பாடும் டீச்சருக்கு வசதியாக வைக்காதீர்கள், வகுப்பிலேயே கூச்சப்படும் பிள்ளைக்கு வசதியாக வையுங்கள். மைக் வேண்டாம். மைக் வந்தால் ஒருவர் பாடுவார், மற்றவர் பார்ப்பார்.

அப்புறம், பாடி முடித்தவுடன் என்ன? ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், இதற்கென்றே அமைந்த மாதிரி. சபை கூடுவதற்கு முன்னால் பிள்ளைகள் பாடட்டும். பெற்றோர்கள் எப்படியும் வந்து நிற்பார்கள். பாடி முடித்த சூட்டிலேயே, வாய்க்காலைத் தூர்வாரக் கோரும் தீர்மானத்தை அவர்களில் ஒருவர் எழுந்து முன்மொழியட்டும். தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள். தலைமையாசிரியரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். திடீரென்று கேட்டால் "எனக்கு எதிராகப் பாடுகிறார்கள்" என்று நினைத்துவிடுவார்.

வயலின் மாணவி, தஞ்சாவூர்: வெப்பநிலைப் புள்ளிவிவரத்தையே இசையாக்கலாம் என்று கேள்விப்பட்டேன். எப்படி?

மினசோட்டா பல்கலைக்கழக மாணவர் டேனியல் கிராஃபர்ட் 2013இல் செல்லோவில் (வயலின் குடும்பத்தின் பெரிய வாத்தியம்) செய்தார். 1880 முதல் 2012 வரை ஆண்டுக்கு ஒரு சுரம். மிகக் குளிர்ந்த ஆண்டான 1909க்கு செல்லோவின் அடித் தந்தியில் திறந்த சுரம். அங்கிருந்து ஏறத்தாழ 0.03 டிகிரி வெப்பத்துக்கு அரைச்சுரம் ஏறும். முதலில் கீழேயே தடவிக்கொண்டிருக்கும் வில், கடைசிப் பகுதியில் மேலே போய்க் கீச்சிடும். விளக்கம் தேவையில்லை, காதே சொல்லிவிடும். நாசா தன் வெப்பநிலைக் கணக்கை இலவசமாகவே தருகிறது. நீங்கள் வயலினில் முயலலாம். ராகத்துக்குள் அடக்கினால் அழகு வரும், ஆனால் படி சமமாக இருக்காது, கணக்கு பொய்யாகிவிடும். பன்னிரண்டு சுரத்தையும் வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பறைக்கும் அரங்குக்கும் இது பிரமாதம். தெருவுக்கு ஆகாது. கேட்பவர் கூடச் சேர்ந்து பாட முடியாத எதையும் நான் தெருவுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கவிஞர், நாகர்கோவில்: சோகமாக எழுதுவதா, உற்சாகமாக எழுதுவதா? நான் எழுதினால் ஒப்பாரியாகத்தான் வருகிறது.

ஒப்பாரியாகவே எழுதுங்கள், தப்பில்லை. கடல் தின்ற தெருவுக்கு ஒப்பாரி வைக்காமல் வேறெதற்கு வைப்பது? ஆனால் ஒப்பாரி எப்படி நடக்கிறது என்று கவனித்திருப்பீர்கள். தனியாக உட்கார்ந்து யாரும் பாடுவதில்லை. தோள் மேல் தோள் போட்டு வட்டமாகப் பாடுகிறார்கள், நடுநடுவே ஏசவும் செய்கிறார்கள். யார் கைவிட்டது, யார் வராமல் போனது என்று பெயர் சொல்லி. அந்த ஏச்சு உங்கள் பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். சும்மா அழிவை வர்ணித்தால் கேட்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்.

2016இல் இத்தாலியப் பியானோ கலைஞர் லுடோவிகோ எய்னாவ்டி நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில், உருகி உடையும் பனியாற்றுக்கு எதிரே மிதக்கும் மேடையில் வாசித்தார். கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் ஏற்பாடு. உருக்கமான இசை. வாசிக்கும்போதே பின்னால் பனி இடிந்து விழுகிறது. அதே மாதம் கூடிய பன்னாட்டுக் கூட்டம் ஒன்றில் ஆர்க்டிக் கடலில் ஒரு பகுதியைப் பாதுகாக்கக் கேட்டார்கள். நிறைவேறவில்லை. முகவரி சரி, நேரமும் சரி, ஆனாலும் நடக்கவில்லை. அப்படியும் ஆகும் என்று தெரிந்தே எழுதுங்கள்.

இதற்கு நேர்மாறு, இமயமலைக் கிராமத்தார் மரங்களை வெட்டவிடாமல் காத்த சிப்கோ இயக்கம். கனஷ்யாம் சைலானி என்ற கட்வாலிப் பாடகர் மலைக் கிராமங்களில் நடந்து நடந்து பாடினார். 1974இல் ரேணி கிராமத்தில் கௌரா தேவியின் பின்னால் பெண்கள் காட்டுக்குள் போய் மரங்களுக்குக் காவல் நின்றார்களே, அந்த மலையில் பாட்டும் போராட்டமும் சேர்ந்துதான் நடந்தன. மேடை கிடையாது, நடைதான்.

குறும்பட இயக்குநர், சேலம்: சினிமாப் பாட்டு மெட்டில் வரியை மாற்றிப் போட்டால் சிக்கல் வருமா?

வரலாம். இந்தியச் சட்டப்படி இசையமைப்பாளர் மறைந்து 60 ஆண்டுவரை மெட்டுக்கு உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியான பிறகு 60 ஆண்டு. யூடியூபில் தானாகவே பிடித்துவிடும். தெம்மாங்கு, கும்மி, சிந்து என்று யாருக்கும் சொந்தமில்லாத மெட்டுகள் கிடக்கின்றன. ஆனால் ஒருவர் பதிவு செய்த ஒலியை வெட்டி ஒட்டாதீர்கள், நீங்களே பாடிப் பதிவு செய்யுங்கள். கிராமத்துப் பாட்டி ஒருவர் சொல்லிக் கொடுத்த மெட்டு என்றால் அவரைக் கேட்டுக்கொண்டு, அவர் பெயரையும் போடுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும்.

இல்லத்தரசி, வேலூர்: எனக்குப் பாடவே வராது.

கைதட்ட வருமா? பின்பாட்டுக்கு ஆள் எப்போதும் குறைவு. வாங்க.

இளைஞர் மன்றம், கடலூர்: பேருந்து நிலையம் அருகே பறையோடு பாடப் போகிறோம். போலீஸ் அனுமதி வேண்டுமா?

ஒலிபெருக்கி வைத்தால் கட்டாயம் வேண்டும். பொது இடத்தில் கூட்டம் சேர்ப்பதால், ஒலிபெருக்கி இல்லாவிட்டாலும் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி, அங்கே பறையும் அடிக்கக் கூடாது. கடலூர்ப் பேருந்து நிலையம் பக்கம் சாயங்காலம் ஹாரன் சத்தத்தில் பாட்டு எடுபடாது. காலையில் மீன் வாங்க வரும் கூட்டத்தைப் பிடியுங்கள். பறையை வெயிலில் காயவைத்தோ தீயில் காட்டியோ இறுக்கிக்கொள்ளும் வேலையைப் பாடும் இடத்திலேயே வைத்துக்கொண்டால் அதைப் பார்க்கவே பாதிக் கூட்டம் சேர்ந்துவிடும். துண்டறிக்கையில் கோரிக்கை ஒன்றே ஒன்று இருக்கட்டும், கீழே மனு போக வேண்டிய அதிகாரியின் பதவியும் அலுவலக முகவரியும்.